கல்லிலே நார் உரித்த கதை

மகா கஞ்சனைப் பற்றிப் பேச்சு வந்தால் நம் பாட்டிமார்கள் சொல்வார்கள்: ‘அவன் கல்லிலே நார் உரிக்கிறவனாச்சே!’ கல்லில் ஏது நார்? இல்லாத இடத்தில் எடுக்கப் பார்க்கிறவன் என்கிற கிண்டல் அது.

ஆனால் பாருங்கள், நார் உள்ள கல் நிஜமாகவே இருக்கிறது! நகத்தால் நிரடினால் பஞ்சு பஞ்சாகப் பிரியும். அதை நூலாக நூற்கலாம், துணியாக நெய்யலாம். தீயில் போட்டால் எரியாது. தமிழில் அதற்குக் கல்நார் என்றே பெயர். உலகம் வைத்திருக்கும் பெயர் ஆஸ்பெஸ்டாஸ். ‘அணைக்க முடியாதது’ என்று பொருள்படும் கிரேக்கச் சொல்.

ஆஸ்பெஸ்டாஸ் என்றதும் உங்கள் கண் தானாக மேலே போயிருக்கும். மொட்டை மாடியில் வாடகைக்கு விட ஒரு ரூம், துணி துவைக்கிற இடம், பைக் நிறுத்த ஒரு சாய்ப்பு... எதுவாக இருந்தாலும் நமக்குச் சட்டென்று நினைவுக்கு வருவது, ‘ஒரு நாலு ஷீட் வாங்கிப் போட்டுடலாமே!’ என்பதுதான். அந்த நாலு ஷீட்டுக்குப் பின்னால் இருநூறு வருஷத்து சரித்திரம் இருக்கிறது. அதைத் தெரிந்துகொண்டு கடைக்குப் போனால், என்ன வாங்குவது, எப்படி வெட்டுவது என்ற கேள்விகளுக்கு வேறு பதில் கிடைக்கும்.

பல்லாவரத்திலிருந்து பம்மல் வழியாகக் குன்றத்தூர் போகிற சாலையில், அடையாற்றை ஒட்டி இருக்கிற ஊர் அனகாபுத்தூர். 2021-ல் தாம்பரம் மாநகராட்சியோடு சேர்த்துவிட்டார்கள். ஆனால், அந்த ஊரின் பழைய விலாசம் தறிதான். ‘ரியல் மெட்ராஸ் ஹேண்ட்கர்ச்சீஃப்’ என்ற பெயரில் கட்டம் போட்ட துணியை இங்கே நெய்து நைஜீரியாவுக்குக் கப்பலேற்றிக்கொண்டிருந்தார்கள். 1970-களில் அந்த நாடு இறக்குமதிக்குத் தடை போட, தொழில் படுத்தது. மிஞ்சிய நெசவாளர்கள் சும்மா இருக்கவில்லை. வாழைநார், சணல், அன்னாசி நார், கற்றாழை என்று கையில் கிடைத்த நாரையெல்லாம் தறியில் ஏற்றிப் புடவை நெய்து பெயர் வாங்கினார்கள்.

நாரின் குணம் அறிந்த ஊர்! அந்த ஊரில் ஏதாவது ஒரு மாடியில் ஏறி நின்று சுற்றிப் பாருங்கள். அங்கென்று இல்லை... பம்மல், பொழிச்சலூர், குரோம்பேட்டை, தாம்பரம் என்று தென்சென்னைப் புறநகரில் எங்கே ஏறினாலும் இதே காட்சிதான். கான்கிரீட் தளங்களுக்கு நடுவே அலை அலையாய்ச் சாம்பல் நிற ஷீட்கள். தறியில் வாழைநார், தலைக்கு மேல் கல்நார்!

இது எப்படி இங்கே வந்து சேர்ந்தது?

முதலில் அந்த அலையைப் பார்ப்போம். இந்தப் பத்திரிகையிலிருந்து ஒரு தாளைக் கிழித்து (படித்து முடித்த பக்கமாகப் பார்த்துக் கிழியுங்கள்!) இரண்டு டம்ளர்களுக்கு நடுவே பாலம் மாதிரி வையுங்கள். தொய்ந்து விழும். அதே தாளை விசிறி மடிப்பாக மடித்து வையுங்கள். விறைப்பாக நிற்கும். மேலே ஒரு பேனாவை வைத்தாலும் தாங்கும். தாளின் கனம் கூடவில்லை, வடிவம்தான் மாறியிருக்கிறது.

1829-ல் இந்த சூட்சுமத்தை இரும்புத் தகட்டில் செய்து காப்புரிமை வாங்கியவர் ஹென்றி ராபின்சன் பாமர். லண்டன் துறைமுகக் கம்பெனியின் இன்ஜினீயர். கப்பல் சரக்குகளை மழையில் நனையாமல் வைக்கப் பெரிய பெரிய கொட்டகைகள் தேவைப்பட்டன. மெல்லிய தகட்டை அலை அலையாக வளைத்துக் கூரை போட்டார் பாமர். உத்தரம் குறைந்தது, சுவரின் பாரம் குறைந்தது, செலவும் குறைந்தது. ஒரே ஒரு குறை... துரு! 1837-ல் பிரான்ஸில் ஸ்டானிஸ்லாஸ் சோரெல் என்பவர் இரும்பை உருக்கிய துத்தநாகத்தில் முக்கியெடுக்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். துருவுக்கும் விடை கிடைத்தது.

அப்புறமென்ன? கலிபோர்னியாவில் தங்கம் கிடைக்கிறது என்று ஜனம் ஓடியபோது கூடவே தகரக் கொட்டகைகளும் கப்பலேறின. ஆஸ்திரேலியா, ஆப்பிரிக்கா, இந்தியா... வெள்ளைக்காரன் போன இடமெல்லாம் தகரமும் போனது. ராணுவ முகாம், ரயில்வே ஷெட், கிடங்கு எல்லாவற்றுக்கும் அதுதான் கூரை.

ஆனால், சித்திரை மாதத்து மத்தியானத்தில் தகரக் கொட்டகைக்குள் உட்கார்ந்து பார்த்தவர்களுக்குத் தெரியும், அது கூரை அல்ல, தோசைக்கல்! ஐப்பசியில் மழை பெய்தால் உள்ளே பேசுவது யாருக்கும் கேட்காது. தகரத்தின் விலையில், தகரத்தைப் போல் லேசாக, ஆனால் துருப்பிடிக்காத, அவ்வளவாகக் கொதிக்காத ஒன்று வேண்டும். அதைக் கண்டுபிடித்தவர் ஆஸ்திரியாவைச் சேர்ந்த லுட்விக் ஹாட்செக்.

ஹாட்செக் கல்நாரிலிருந்து பொருள்கள் செய்யும் ஆலை வைத்திருந்தவர். சிமென்டைத் தண்ணீரில் கரைத்து, சுமார் பத்தில் ஒரு பங்கு கல்நாரைக் கலந்து, அந்தக் கூழை அட்டை தயாரிக்கிற இயந்திரத்தில் ஓட்டினார். ஈரப் படலம் உருளையில் சுற்றிச் சுற்றிப் படிந்து கனமாக, அதை வெட்டி விரித்துக் காயவைத்தால் தகடு ரெடி. நாம் போடுகிற ஷீட், அடிப்படையில் சிமென்டால் செய்த காகிதம்! களிமண் சுவருக்கு வைக்கோல் எப்படியோ, சிமென்டுக்குக் கல்நார் அப்படி. விரிசல் விடாமல் இழுத்துப் பிடிக்கும். 1901-ல் காப்புரிமை வந்தது. தன் தகட்டுக்கு ஹாட்செக் வைத்த பெயர் ‘எட்டர்னிட்’, அதாவது நித்தியமானது, அழியாதது. அந்தப் பெயரை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

இந்தியாவுக்கு இது வர முப்பது வருஷம் ஆனது. 1934-ல் தொடங்கிய ‘ஆஸ்பெஸ்டாஸ் சிமென்ட்’ கம்பெனி, மத்தியப் பிரதேசத்தின் கைமோரில் ஆலை போட்டது. பிற்காலத்தில் ‘எவரெஸ்ட்’ என்ற பெயரில் நாம் அறிந்த கம்பெனி இதுதான். கோயம்புத்தூருக்குப் பக்கத்தில் போத்தனூரிலும் அவர்களுடைய ஆலை வந்தது. 1967-ல் அரக்கோணத்தில் ராம்கோ ஆரம்பித்தது. சென்னைக்குப் பக்கத்திலேயே ஷீட் தயாராக ஆரம்பித்த பிறகு கேட்க வேண்டுமா? ஃபேக்டரி, ரேஷன் கடை, கல்யாண மண்டபத்துச் சமையல்கட்டு, கோழிப்பண்ணை, அப்புறம் வீடு.

‘ஏழைகள் விலை மலிவு என்று ஏமாந்து வாங்கிவிட்டார்கள்’ என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். நம் ஜனங்கள் இதை விரும்பி வாங்கியதற்குக் கனமான காரணம் உண்டு. அது நெருப்பு.

கீற்றுக் கொட்டகையில் வாழ்ந்தவனுக்குத்தான் கோடைக்காலத்து ராத்திரியின் பயம் தெரியும். ஒரு அடுப்புப் பொறி, ஒரு வெடி... வரிசையாக நாற்பது குடிசை காலி! அந்தப் பயம் என்னவென்று நாடு முழுவதற்கும் தெரிந்த நாள் 2004 ஜூலை 16. கும்பகோணத்தில் ஒரு பள்ளியின் சத்துணவு அடுப்பிலிருந்து கீற்றுக் கூரைக்குத் தாவிய தீ, 94 பிஞ்சுகளைக் கொண்டுபோனது. அதன் பிறகு பள்ளிகளில் கீற்றுக் கூரையைப் பிரிக்கச் சொல்லி அரசு உத்தரவிட்டது. கீற்று போன இடங்கள் பலவற்றில் ஏறியது ஷீட்தான். எரியாத கூரை! ஒரு தாய் தன் பிள்ளைக்குக் கேட்கக்கூடிய வரம் அது. கல்நாரை எதிர்த்துப் பேசுகிற யாரும் இந்த நியாயத்தை மறந்துவிட்டுப் பேசக்கூடாது.

சரி, அப்படியானால் என்னதான் பிரச்னை?

அதற்கு இன்னொரு நெசவாளர் ஊருக்குப் போக வேண்டும்.

எரியாத துணி என்ற ஆச்சர்யம் ரொம்பப் பழசு. விருந்து முடிந்ததும் அழுக்கான கைத்துணியை அடுப்பில் போட்டு, வெளுத்து வந்ததும் எடுப்பதைப் பற்றி ரோமாபுரியின் பிளினி எழுதியிருக்கிறார். நெருப்பில் வாழும் ‘சாலமாண்டர்’ என்ற பிராணியின் ரோமத்தில் நெய்தது என்று ஐரோப்பா கதை கட்டிக்கொண்டிருந்தபோது, ‘பிராணியுமில்லை, ரோமமுமில்லை. அது மலையில் தோண்டி எடுக்கிற கல்’ என்று உடைத்துச் சொன்னவர் மார்க்கோ போலோ. நீராவி இன்ஜின் காலம் வந்ததும் ஆச்சர்யம் வியாபாரமானது. கொதிகலனுக்கும் குழாய்க்கும் சுற்ற எரியாத துணி வேண்டுமே! இங்கிலாந்தில் மான்செஸ்டருக்குப் பக்கத்தில் ராச்டேல் என்ற பருத்தி நெசவு ஊர். அங்கே டர்னர் சகோதரர்கள் 1879-ல் பருத்தி மில் மாதிரியே இயந்திரத்தை வைத்துக் கல்நாரை நெய்ய ஆரம்பித்தார்கள். பின்னாளில் ‘டர்னர் அண்ட் நியூவால்’ என்று உலகத்தின் மிகப்பெரிய கல்நார் கம்பெனிகளில் ஒன்றாக வளர்ந்தது அதுதான். கைமோரில் வந்த ஆலையின் பின்னாலும் அவர்களுடைய கை உண்டு.

அந்த ராச்டேலில் ஒரு பெண். பெயர் நெல்லி கெர்ஷா. பன்னிரண்டு வயதில் மில் வேலைக்குப் போனவள். கல்நாரை நூற்கிற வேலை. முப்பதைத் தொடுவதற்குள் மூச்சு வாங்கியது. மில்லில் படிந்த தூசு நுரையீரலிலும் படிந்திருந்தது. வேலையால் வந்த நோய் என்று டாக்டர் எழுதிக்கொடுத்தும் கம்பெனி நஷ்டஈடு கொடுக்கவில்லை. இவளுக்குக் கொடுத்தால் எல்லோருக்கும் கொடுக்க வேண்டிவருமே! 1924 மார்ச்சில் நெல்லி இறந்தபோது வயது 33. அடக்கச் செலவுக்குக்கூட கம்பெனி பணம் தரவில்லை. ஏழைகளைப் புதைக்கிற இடத்தில், கல் நடாமல் புதைத்தார்கள். கல்லில் நார் உரித்தவளுக்கு ஒரு கல் மிஞ்சவில்லை.

ஆனால், அவளுடைய நுரையீரலை நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்த டாக்டர் வில்லியம் குக் சும்மா இருக்கவில்லை. கூர்கூரான கல்நார்த் துணுக்குகளைக் கண்டதாக பிரிட்டிஷ் மருத்துவ இதழில் எழுதினார். 1927-ல் அந்த நோய்க்கு ‘ஆஸ்பெஸ்டோசிஸ்’ என்று பெயர் வைத்தார். 1930-ல் மெரிவெதர், பிரைஸ் என்ற இரண்டு அரசு அதிகாரிகள் 363 தொழிலாளர்களைச் சோதித்தார்கள். நாலில் ஒருவருக்கு நுரையீரல் தழும்பேறிக் கெட்டிப்பட்டிருந்தது. மறு வருஷமே இங்கிலாந்தில் ஆலைத் தூசியைக் கட்டுப்படுத்தச் சட்டம் வந்தது.

இந்த வருஷங்களைக் கொஞ்சம் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இங்கிலாந்தில் சட்டம் 1931. இந்தியாவில் முதல் ஆலை 1934. தெரிந்த பிறகுதான் நமக்கு வந்தது!

அப்போதும் இதை ஆலைத் தொழிலாளியின் பாடு என்றுதான் நினைத்தார்கள். அந்த எண்ணத்தை உடைத்தது 1960-ல் தென்னாப்பிரிக்காவிலிருந்து வந்த செய்தி. டாக்டர் வாக்னரும் அவருடைய சகாக்களும், நுரையீரலைச் சுற்றியிருக்கும் உறையில் வருகிற ‘மீசோதீலியோமா’ என்ற அபூர்வமான புற்றுநோயை 33 பேரிடம் கண்டுபிடித்தார்கள். அவர்களில் பலர் சுரங்கத்துக்குள் காலே வைக்காதவர்கள். சுரங்கத்துப் பக்கம் வாழ்ந்தவர்கள், சின்ன வயதில் அந்தக் கழிவு மேட்டில் ஏறி விளையாடியவர்கள். 1965-ல் லண்டனில் வந்த இன்னொரு ஆய்வு இதைவிட வயிற்றைக் கலக்கியது. ஆலைக்கே போகாத பெண்களுக்கு அதே புற்றுநோய். அவர்கள் செய்தது, புருஷன் வேலைக்குப் போட்டுப்போன சட்டையை உதறித் துவைத்தது. அவ்வளவுதான்!

இந்த நோயின் கெட்டிக்காரத்தனம் அதன் பொறுமை. இன்றைக்குச் சுவாசித்த நார், 20 வருஷம், 30 வருஷம், 40 வருஷம் கழித்து வேலையைக் காட்டும். தலைமுடியைவிட நூற்றுக்கணக்கான மடங்கு மெல்லிய நார் அது. கண்ணுக்குத் தெரியாது, தும்மல் வராது, எரியாது, கரையாது. ஹாட்செக் வைத்த பெயர் ஞாபகம் இருக்கிறதா? நித்தியமானது! கூரையில் நித்தியமாக இருந்தால் நல்லது. நுரையீரலிலும் அப்படியே இருந்தால்?

1983-ல் ஐஸ்லாந்து தடை போட்டது. பிரிட்டன் 1999. ஆஸ்திரேலியா 2003. ஐரோப்பிய யூனியன் முழுக்க 2005. பக்கத்து நேபாளம் 2015. உலகத்துக்கே கல்நார் தோண்டிக் கொடுத்த கனடா 2018. அமெரிக்கா 2024-ல்தான் வெள்ளைக் கல்நாரைத் தடை செய்தது.

இலங்கையின் கதை தனி. 2018 ஜனவரியிலிருந்து கல்நார் இறக்குமதியை நிறுத்தப்போவதாக அந்த அரசு முடிவு செய்திருந்தது. 2017 டிசம்பரில் ரஷ்யா ஒரு காரியம் செய்தது. இலங்கைத் தேயிலைப் பெட்டியில் வண்டு இருந்ததாகச் சொல்லி, தேயிலை வாங்குவதையே நிறுத்தியது. கல்நார் விற்பதில் உலகத்தில் முதலிடம் யாருக்குத் தெரியுமா? அதே ரஷ்யாவுக்கு! மலையகத்தில் கொழுந்து கிள்ளும் லட்சக்கணக்கானவர்களின் பிழைப்பு தேயிலையில் இருக்கிறது. இலங்கை கல்நார்த் தடையைக் கிடப்பில் போட்டது. தேயிலைக் கப்பல் மறுபடியும் கிளம்பியது. ஒரு வண்டு எவ்வளவு பெரிய வேலை பார்த்தது பாருங்கள்!

நம் நாடு? 1986 முதல் புதிதாகக் கல்நார்ச் சுரங்கத்துக்கு உரிமம் தருவதை நிறுத்திக்கொண்டது. தோண்டத்தான் தடை, வாங்கத் தடையில்லை. ரஷ்யா, கஜகஸ்தான் போன்ற நாடுகளிலிருந்து இறக்குமதி செய்து, உலகிலேயே மிக அதிகமாகப் பயன்படுத்தும் நாடுகளில் ஒன்றாக இருக்கிறோம். 1995 ஜனவரி 27 அன்று சுப்ரீம் கோர்ட் ஒரு முக்கியமான தீர்ப்புச் சொன்னது. கல்நார் ஆலையில் வேலை செய்கிற ஒவ்வொருவரின் உடல்நலக் குறிப்பையும் வேலையில் சேர்ந்த நாளிலிருந்து 40 வருஷமோ, ஓய்வு பெற்ற பிறகு 15 வருஷமோ, எது பிந்தியதோ அதுவரை பாதுகாக்க வேண்டும். நோய் வந்தவருக்கு ஒரு லட்சம் ரூபாய் நஷ்டஈடு. தமிழக அரசும் ‘கலைஞரின் கனவு இல்லம்’ திட்டத்தில் கட்டும் வீடுகளுக்கு ஓலைக் கூரையும் கூடாது, ஆஸ்பெஸ்டாஸ் கூரையும் கூடாது என்று சொல்லிவிட்டது.

நல்ல தீர்ப்பு, நல்ல விதி. ஆனால் ஒரு ஆள் விட்டுப்போய்விட்டார். ஆலைத் தொழிலாளிக்கு 40 வருஷத்து ரிஜிஸ்டர் இருக்கிறது. உங்கள் வீட்டு மாடியில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து ஷீட்டை வெட்டுகிறாரே, அவருக்கு எந்த ரிஜிஸ்டர்? வெல்டரோ, கொத்தனாரோ, அவரோடு வந்த சித்தாளோ... அன்றைக்குக் கூலி வாங்கிக்கொண்டு போனவர், 30 வருஷம் கழித்து இருமினால், அது எந்த மாடியில் ஏறிய தூசு என்று யார் தேடுவது?

இங்கே ஷீட் கம்பெனிக்காரர்கள் சொல்லும் ஒரு வாதத்தையும் கேட்டுவிடுவோம். ‘நாங்கள் போடுவது வெள்ளைக் கல்நார் மட்டும்தான். அதுவும் சிமென்டோடு கெட்டியாகப் பிணைந்திருக்கிறது. பறந்து வராது’ என்கிறார்கள். வெள்ளை, நீலம், பழுப்பு எதுவானாலும் புற்றுநோய் தரும் என்பதில் உலக சுகாதார நிறுவனத்துக்குச் சந்தேகமே இல்லை. ஆனால், சிமென்டோடு பிணைந்திருக்கிறது என்பது உண்மைதான். உடையாமல், உரசாமல், கூரையில் சும்மா கிடக்கிற நல்ல ஷீட்டுக்குக் கீழே குடியிருப்பதாலேயே ஆபத்து வந்துவிடும் என்று அலற வேண்டாம். அப்படியானால் நார் எப்போது விடுதலையாகிறது?

வெட்டும்போது. துளை போடும்போது. உடைக்கும்போது.

1863 மே 30 அன்று ராபர்ட் புரூஸ் ஃபுட் என்ற நிலவியலாளர் பழைய கற்காலத்துக் கருவி ஒன்றைக் கண்டெடுத்தார். இந்தியத் தொல்லியலையே புரட்டிப்போட்ட கண்டுபிடிப்பு. எங்கே தெரியுமா? அனகாபுத்தூருக்குச் சில கிலோமீட்டர் தள்ளி, பல்லாவரத்தில்! வெட்டுவதற்கென்று மனிதன் கருவி செய்த மண் இது. அந்தக் காலத்து வெட்டு, கை வேகத்து வெட்டு. முப்பது நாற்பது வருஷத்துக்கு முன்னால்வரை ஷீட்டும் கை ரம்பத்தில்தான் அறுபட்டது. மெதுவாக அறுத்தால் தூள் பெரிதாக விழும், கீழே விழும். இன்றைக்குக் கையில் இருப்பது கட்டிங் மெஷின். நிமிஷத்துக்குப் பத்தாயிரம் சுற்றுக்கு மேல் சுழலும் சக்கரம். ஷீட்டில் வைத்ததும் ‘உய்ய்ய்ங்’ என்று ஒரு சத்தம், வெள்ளையாய் ஒரு மேகம். இரண்டே நிமிஷத்தில் வேலை முடிந்தது. மேகம் மட்டும் பக்கத்து வீட்டுக் கொடியில் காயும் துணி வரைக்கும் போகும்.

அதனால், நீங்கள் கவனிக்க வேண்டியவை கொஞ்சம்.

ஏற்கெனவே ஆஸ்பெஸ்டாஸ் கூரை இருக்கிறதா? பதறிப்போய்ப் பிரிக்காதீர்கள். பாசியைக் கம்பி பிரஷ் வைத்துத் தேய்க்காதீர்கள். காற்றோட்டத்துக்கு என்று ஓட்டை போடாதீர்கள். ஷீட்டின் மேல் நேராகக் கால் வைத்து ஏறவும் கூடாது, ‘மளுக்’கென்று உடைந்து ஆளே கீழே வந்துவிடுவார். பலகை போட்டுத்தான் நடக்க வேண்டும். பிரித்தே ஆக வேண்டும் என்றால், சுத்தியலால் உடைத்துத் தள்ளாமல், நன்றாகத் தண்ணீர் தெளித்து, போல்ட்டைக் கழற்றி, முழுசாக இறக்கச் சொல்லுங்கள். உடைந்த துண்டுகளை ஈரத்தோடு தடித்த பாலிதீனில் கட்டுங்கள். பள்ளத்தை மேடாக்கக் காலி மனையில் கொட்டாதீர்கள். அங்கேதான் நாளைக்குத் தெருப் பிள்ளைகள் கிரிக்கெட் ஆடும். தென்னாப்பிரிக்காவின் கழிவு மேட்டில் ஏறி விளையாடிய குழந்தைகளை நினைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு ஓரத்தை அறுத்தே தீர வேண்டுமா? ஈரப்படுத்தி, கை ரம்பத்தால், திறந்த வெளியில். கட்டிங் மெஷின் வேண்டவே வேண்டாம். அறுத்த தூளைக் காய்வதற்கு முன் ஈரத்துணியால் துடைத்தெடுங்கள். துடைப்பம் போட்டால் மறுபடியும் பறக்கும். கைக்குட்டையோ துணி மாஸ்க்கோ இந்த நாரைத் தடுக்காது. வேலை பார்த்த சட்டையை மற்ற துணிகளோடு ஊறவைக்காதீர்கள்.

புதிதாக வாங்கப் போகிறீர்களா? கல்நாருக்கு மாற்று இன்று கடையிலேயே உண்டு. வண்ணம் பூசிய உலோக ஷீட், நடுவே நுரை வைத்த சாண்ட்விச் பேனல், கல்நார் சேர்க்காத ஃபைபர் சிமென்ட் ஷீட். உலோக ஷீட்டில் ஒரு சௌகரியம், உங்களுக்கு எத்தனை அடி வேண்டுமோ அத்தனை அடிக்குக் கடையிலேயே நறுக்கிக் கொடுத்துவிடுவார்கள். மாடிக்கு வந்து வெட்ட வேண்டியதே இல்லை. சின்னதாக வெட்ட வேண்டி வந்தாலும் தகடு வெட்டும் கத்தரியால் வெட்டச் சொல்லுங்கள். கட்டிங் மெஷினில் வெட்டினால் தீப்பொறி பட்டுப் பூச்சு கருகி, முதல் மழையிலேயே அந்த விளிம்பு துருவேறும். ஐப்பசி மழையின் சத்தத்துக்கும் சித்திரை வெயிலுக்கும் கீழே ஒரு ஃபால்ஸ் சீலிங் கொடுத்துவிட்டால் போதும்.

கல்நார் இல்லாத சிமென்ட் போர்டு என்றதும், ‘அப்பாடா’ என்று கட்டிங் மெஷினைக் கையில் எடுத்துவிடாதீர்கள். அதிலும் மணல் இருக்கிறது. மணலின் நுண்தூசு ‘சிலிக்கோசிஸ்’ என்ற வேறொரு நுரையீரல் நோயைக் கொடுக்கும். இதில் நேற்றைய பாடமே ஒன்று உண்டு. சமையலறை மேடைக்குப் பளபளவென்று செயற்கைக் கல் பலகை போடுகிறோமே, குவார்ட்ஸ் என்று? அதை வெட்டிய ஆஸ்திரேலிய இளைஞர்கள் பலருக்கு நுரையீரல் கெட்டுப்போய், 2024 ஜூலை 1 முதல் அந்த நாடு அந்தக் கல்லையே தடை செய்துவிட்டது. நூறு வருஷத்துக்கு முன் நெல்லி நூற்ற கதைதான். கல் வேறு, நார் இல்லை, தூசு ஒன்றே. இவற்றையெல்லாம் தண்ணீர் விட்டு வெட்டுவதும், என்-95 வகை மாஸ்க் போடுவதும் ஆடம்பரமில்லை.

எதை வாங்கினாலும், வாங்கும் முன் ஒரு வேலை செய்யுங்கள். டேப்பை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போங்கள். நீளம், அகலம், ஒன்றின்மேல் ஒன்று ஏறும் இடம், சுவருக்கு வெளியே நீட்டும் அளவு எல்லாவற்றையும் தாளில் வரையுங்கள். கடையில் வரும் ஷீட் அளவுக்கு ஏற்றபடி ரூமை அரை அடி கூட்டிக் குறைக்க முடியுமா பாருங்கள். முடிந்தால் பல வெட்டுகள் மிச்சம். வெட்டாமல் விட்ட வெட்டுதான் இருப்பதிலேயே நல்ல வெட்டு.

அப்புறம் வேலைக்கு வருகிறவரிடம் பேசுங்கள். ‘அண்ணே, மெஷின் வேண்டாம். தண்ணி ஊத்திக் கையால அறுங்க. லேட்டானா பரவால்ல’ என்று சொல்லுங்கள். ‘அதெல்லாம் ஒண்ணும் ஆகாது சார், இருபது வருஷமா வெட்றேன்’ என்று அவர் சிரிப்பார். இருபது வருஷம் ஒன்றும் ஆகாமல் இருப்பதுதான் இந்த நோயின் வழக்கம். அதை அவருக்குச் சொல்ல நெல்லியின் ஊரிலிருந்து யாரும் வரப்போவதில்லை. நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

மெதுவாக அறுத்தால் அரை நாள் கூலி கூடுதலாக ஆகும். அதைக் கொடுத்துவிடுங்கள். அந்தக் காசில் போய் நாம் கல்லிலே நார் உரிக்க வேண்டாம்.